அவஸ்தை என்ற சொல் செய்த அவஸ்தை

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து லயத்து வீட்டில் வளர்ந்த கத்தோலிக்கருக்கு ‘அவஸ்தை’ என்ற ஒரு சொல் போதும், யாரோ போகப்போகிறார் என்று புரிந்துவிடும். நோயாளிக்குப் பாதர் எண்ணெய் பூசிச் செபிக்கும் சடங்கைத்தான் அப்படிச் சொல்வோம். ‘பாதர் வந்து அவஸ்தை பூசிட்டாரு’ என்று சேதி வந்தால் பெண்கள் உலையை இறக்கி வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். என் பாட்டி நெஞ்சுவலியில் படுத்திருந்தபோது, பாதருக்குப் போன் பண்ணலாமா என்று அத்தை மெதுவாகத்தான் கேட்டார். பாட்டி எழுந்தே உட்கார்ந்துவிட்டார்: ‘ஏன்டி, அதுக்குள்ள என்னை அனுப்பப் பாக்குறியா?’ பாட்டி மேல் தப்பில்லை, சொல் அப்படி.

அவஸ்தை வடசொல். ‘அவஸ்தா’ என்றால் நிலை, அவ்வளவுதான், அதில் வலியும் இல்லை, சாவும் இல்லை. தமிழில் அவத்தை என்று எழுதினார்கள். சைவ சித்தாந்தத்தில் நனவு, கனவு, உறக்கம் என்று தொடங்கி உயிருக்கு ஐந்து அவத்தை சொல்வார்கள், அங்கே இன்றும் பழைய பொருள்தான். பேச்சில் மட்டும் நிலை என்பது மோசமான நிலையாகி, அப்புறம் துன்பமாகி, கடைசியில் ‘மரண அவஸ்தை’ வரை போய்விட்டது. நேர்த் தமிழ் வேண்டுமென்றால் நிலை, துன்பத்துக்குப் பாடு, மரண அவஸ்தைக்குச் சாகும் தறுவாய். (பாடு என்பதும் லேசுப்பட்ட சொல் இல்லை. இயேசுவின் பாடுகள் என்கிறோம், ‘அவன் பாடு திண்டாட்டம்’ என்றும் சொல்கிறோம்.)

சரி, இது பூசுதலோடு எப்படிச் சேர்ந்தது? யாக்கோபு திருமுகம் 5ஆம் அதிகாரம் 14ஆம் வசனத்தைப் பாருங்கள். உங்களில் ஒருவர் நோயுற்றால் சபை மூப்பரைக் கூப்பிடட்டும், அவர்கள் எண்ணெய் பூசிச் செபிக்கட்டும் என்றுதான் இருக்கிறது. நோயாளி என்கிறாரே தவிர சாகப்போகிறவர் என்று சொல்லவில்லை. இடைக்கால ஐரோப்பாவில் இந்தச் சடங்கு மெல்ல மெல்லச் சாவுப் படுக்கைக்குத் தள்ளிப்போய், லத்தீனில் ‘கடைசிப் பூசுதல்’ என்றே பெயர் வாங்கியது. தமிழில் அவஸ்தைப் பூசுதல் ஆனது. கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் இதை ‘நோயாளிகளுக்குப் பூசுதல்’ என்று அழைப்பதே பொருத்தம் என்றது. 1972இல் போப் ஆறாம் பவுல் சடங்கையே திருத்தினார். முன்பு கண், காது, மூக்கு, வாய், கை என்று புலன் புலனாகப் பூசியதை நெற்றியிலும் கைகளிலும் மட்டும் பூசினால் போதும் என்றாக்கினார், ஒலிவ எண்ணெய் கிடைக்காத இடத்தில் வேறு தாவர எண்ணெயும் ஆகும் என்றார். எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கு நடுவே வாழ்கிற நமக்கு இது கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கும்! தமிழில் இப்போது முறையான பெயர் நோயில்பூசுதல். பெரிய அறுவைச் சிகிச்சைக்கு முன்னாலும் வாங்கலாம், தள்ளாத வயதிலும் வாங்கலாம், நோய் முற்றினால் மறுபடியும் வாங்கலாம்.

அப்படியானால் சாகிறவருக்கான அருட்சாதனம், அதாவது திருச்சபையின் புனிதச் சடங்கு, எது? கிறிஸ்துவின் உடலாக நாம் உட்கொள்ளும் அப்பம், நற்கருணைதான். சாகும் தறுவாயில் கொடுக்கும்போது அதற்கு லத்தீனில் தனிப் பெயர் உண்டு, வியாத்திக்கும். ‘வியா’ என்றால் வழி. ரோமர்கள் பயணத்துக்குக் கட்டிக்கொண்டு போன சாமானும் காசும்தான் முதலில் அந்தப் பெயரில் இருந்தன. சாகப்போகிறவருக்கு இதை மறுக்கக் கூடாது என்று 325இலேயே நிசேயா சங்கம் விதி எழுதியது. நாம் இதை வழியுணவு என்கிறோம். நல்ல சொல்தான், ஆனால் இதைவிடப் பழசு ஒன்று இருக்கிறது: ஆற்றுணா. ஆறு என்றால் வழி, உணா என்றால் உணவு. கற்றவனுக்கு எந்த நாடும் சொந்த நாடு, ‘ஆற்றுணா வேண்டுவதில்’ என்கிறது பழமொழி நானூறு. நாலடியாரில் தோட்கோப்பு என்று இன்னொன்று வருகிறது, தோளில் தொங்கவிடும் கட்டுச்சோறு. ஆள் பார்த்து அலையும் கூற்றுவன் இருக்கிறான், தோட்கோப்பைக் காலத்தோடு கட்டிக்கொள் என்று சாவுப் பயணத்தை வைத்தே சொல்கிறார்கள். சமண நூல் சொல்லும் சோறு அறம், கிறிஸ்தவர்களுக்கு அது கிறிஸ்துவின் உடல், அந்த வித்தியாசத்தை மழுப்ப வேண்டாம். ஆனாலும் விடிவதற்கு முன்னால் தூக்குச்சட்டியில் பசியாற எடுத்துக்கொண்டு பால்மரக் காட்டுக்குப் போன நம் பாட்டிகளுக்கு இந்தச் சொல்லை விளக்கவே வேண்டியிருக்காது.

முறைப்படி முதலில் குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனம், அடுத்து நோயில்பூசுதல், கடைசியில் வழியுணவு. பாவசங்கீர்த்தனத்துக்குப் பேச்சும் நினைவும் இருக்கும்போதே கூப்பிட்டால்தான் நல்லது. மூச்சு நின்ற பிறகு பூசுதல் கிடையாது, செபம்தான். ஆனால் அவஸ்தை என்ற பெயருக்குப் பயந்தே பாதி வீடுகளில் நோயாளிக்கு நினைவு தப்பும்வரை பாதரைக் கூப்பிடுவதில்லை. இத்தனைக்கும் ஜெபமாலை சொல்லும்போதெல்லாம் ‘எங்கள் மரண நேரத்திலும்’ என்று 53 தடவை வேண்டிக்கொள்கிற ஆட்கள் நாம். பக்கத்து லயத்து மெத்தடிஸ்ட், லுத்தரன் குடும்பங்களில் பூசுதலை அருட்சாதனமாக எண்ணுவதில்லை, போதகர் படுக்கையருகே திருவிருந்து கொண்டுவருவார்.

அதனால் போனில் வெறுமனே ‘அவஸ்தை’ என்று சொல்லாதீர்கள், அதில் எதைக் கேட்கிறீர்கள் என்றே தெரியாது. நோய் கடுமை என்றால் நோயில்பூசுதல் என்று சொல்லுங்கள், அதற்குக் குருதான் வர வேண்டும். முடிவு நெருங்கிவிட்டது என்றால் வழியுணவு என்று சொல்லுங்கள், பாதர் தூரத்தில் இருந்தால் நற்கருணைப் பணியாளர் ஒருவர்கூடக் கொண்டுவரலாம். பாட்டிக்கு அன்று பாதர் வந்து பூசினார். அதற்கப்புறம் ஆறு வருஷம் இருந்தார், பாதர் எப்போது வீட்டுக்கு வந்தாலும் கையில் எண்ணெய் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்வார்.