நிறுத்திய இடத்திலிருந்தே தொடரும் ஃபங்ஷன்

கணினி விளையாட்டு ஒன்றில் ஒரு காவலாளி கதவுவரை நடந்து, 2 விநாடி நின்று, திரும்பி வர வேண்டும். சொல்லும்போது மூன்றே வரி. ஆனால் விளையாட்டு விநாடிக்கு 60 முறை திரையைப் புதுப்பிக்கிறது. ஒவ்வொரு முறையும் அவன் எந்தக் கட்டத்தில் இருக்கிறான், எவ்வளவு நேரம் நின்றான் என்பதையெல்லாம் மாறிகளில் குறித்து வைத்துச் சரிபார்க்க வேண்டும். மூன்று வரிக் கதை எங்கோ காணாமல் போய்விடும். அதை மூன்று வரியாகவே எழுத வழி செய்வதுதான் கோரூட்டீன், அதாவது நடுவில் நின்று, பிறகு நின்ற இடத்திலிருந்தே தொடரக்கூடிய ஃபங்ஷன் (ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டு).

கணினி அறிஞர் மெல்வின் கான்வே 1958-இல் இந்தப் பெயரை வைத்தார். 1963-இல் கோபால் என்ற நிரல் மொழிக்கான கம்பைலர் (நிரலைக் கணினிக்குப் புரியும் ஆணைகளாக மாற்றும் மென்பொருள்) பற்றிய தன் கட்டுரையில் இதை விளக்கி எழுதினார். பிரேசிலில் பிறந்த லுவா என்ற நிரல் மொழிக்கு இது 2003-இல், 5.0 பதிப்பில் வந்தது. இதைப் புரிந்துகொள்ள லுவா நல்ல இடம். மறைவாக எதுவும் நடக்காது.

சாதாரண ஃபங்ஷன் திரும்பியதும் அதன் உள்மாறிகள் அழிந்துவிடும். கோரூட்டீனுக்கோ சொந்தமாக ஒரு ஸ்டாக், அதாவது உள்மாறிகளும் ஓட்டம் எங்கே இருக்கிறது என்பதும் பதிந்திருக்கும் நினைவகப் பகுதி, இருக்கிறது. யீல்ட் (விட்டுக்கொடு) என்று சொன்னதும் ஓட்டம் நிற்கும். ஸ்டாக் அப்படியே இருக்கும். பிறகு நிரலின் வேறொரு பகுதி ரெஸ்யூம் (தொடர்) செய்தால், நின்ற இடத்திலிருந்தே ஓடும். லினக்ஸில் ஒரு த்ரெட்டின் (இயங்குதளமே மாற்றி மாற்றி ஓட்டும் தனி ஓட்டத்தின்) ஸ்டாக்குக்கு வழக்கமாக 8 மெகாபைட் முகவரி இடம் ஒதுக்கப்படுகிறது. லுவா கோரூட்டீன் சுமார் ஒரு கிலோபைட்டில் தொடங்கிவிடும். அதனால்தான் ஆயிரக்கணக்கில் உருவாக்கத் தயங்க வேண்டியதில்லை.

ரெஸ்யூமுக்கும் யீல்டுக்கும் இடையில் மதிப்புகளும் கைமாறுகின்றன. முதல் ரெஸ்யூமில் 5 கொடுத்தால், அது ஃபங்ஷனின் அளவுருவாகப் போகும். உள்ளே யீல்ட் 10 என்றால், ரெஸ்யூம் செய்தவருக்கு 10 கிடைக்கும். அடுத்த ரெஸ்யூமில் 7 கொடுத்தால், காத்திருந்த அந்த யீல்ட் 7-ஐத் திருப்பித் தரும். புதிதாகப் பழகுபவர்கள் தடுமாறுவது இந்த மூன்றாவது படியில்தான். காகிதத்தில் ஒருமுறை வரைந்து பார்த்தால் பிடிபட்டுவிடும்.

சரி, பல கோரூட்டீன்களை யார் ஓட்டுவது? லுவாவில் அதற்கென்று ஷெட்யூலர் (எது எப்போது ஓட வேண்டும் என்று முடிவுசெய்யும் பகுதி) கிடையாது. நாமே எழுத வேண்டும், அது ஒரு லூப்தான். பட்டியலில் உள்ள ஒவ்வொரு பணியையும், அதாவது கோரூட்டீனையும், ரெஸ்யூம் செய்கிறோம். "2 விநாடி கழித்து எழுப்பு" என்று அது 2-ஐ யீல்ட் செய்தால், எழுப்ப வேண்டிய நேரத்தைக் குறித்துக்கொள்கிறோம். முடிந்துபோன பணியைப் பட்டியலிலிருந்து எடுக்கிறோம். எடுக்கும்போது கடைசியிலிருந்து முன்னோக்கி வர வேண்டும். இல்லையென்றால் அடுத்த பணி ஒரு இடம் முன்னே நகர்ந்து, அந்தச் சுற்றில் விட்டுப்போகும். எல்லாப் பணிகளும் காத்திருந்தால் லூப் வெறுமனே சுற்றி ப்ராசஸரைத் தின்னும். மிக அருகில் உள்ள எழுப்பும் நேரம்வரை நிரலையே தூங்க வைப்பதுதான் முறை.

பிழைகள் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். கோரூட்டீனுக்குள் பிழை வந்தால் ரெஸ்யூம் நிரலை நிறுத்தாது. பொய் என்ற மதிப்பையும் பிழைச்செய்தியையும் மட்டும் தரும். அதைப் பார்க்காமல் விட்டால் பணி சத்தமில்லாமல் செத்துப்போகும், காரணமும் தெரியாது. ஒரு நல்ல விஷயம், இறந்த கோரூட்டீனின் ஸ்டாக் கலைவதில்லை. அதை ட்ரேஸ்பேக் என்ற, அழைப்புகளின் வரிசையைக் காட்டும் ஃபங்ஷனுக்குக் கொடுத்தால் எந்த வரியில் விழுந்தது என்று காட்டிவிடும். ஷெட்யூலர் எழுதுபவர் முதலில் சேர்க்க வேண்டியது இதைத்தான் என்பேன்.

இந்த முறையில் ஒரு பணி தானாக விட்டுக்கொடுத்தால்தான் அடுத்தது ஓடும். விண்டோஸ் 3.1-உம் மேக் ஓஎஸ் 9-உம் தங்கள் செயலிகளை இப்படித்தான் ஓட்டின. ஒரு செயலி விட்டுக்கொடுக்காவிட்டால் மற்றவையும் உறைந்து நிற்கும். நம் ஷெட்யூலரிலும் அதே கதிதான். நீண்ட கணக்கு போடும் லூப்பில் சில ஆயிரம் சுற்றுக்கு ஒருமுறை யீல்ட் வைக்க வேண்டும். வெளியாட்கள் எழுதிய ஸ்கிரிப்டை ஓட்டுவதானால் அதை நம்பியிருக்க முடியாது. இத்தனை ஆணைகள் ஓடியதும் பிழை எழுப்பும்படி டீபக் ஹூக் (ஓட்டத்தின் நடுவே லுவா தானாக அழைக்கும் ஃபங்ஷன்) போட்டுவைப்பது நல்லது.

இதற்குக் கிடைக்கும் பலன் பெரியது. இரண்டு யீல்டுகளுக்கு நடுவே வேறெந்தப் பணியும் நம் தரவைத் தொட முடியாது, அதனால் ஒரே நேரத்தில் இருவர் தொடாமல் தடுக்கும் பூட்டு தேவையில்லை. ஆனால் யீல்டைத் தாண்டினால் அந்த உறுதி போய்விடும். கணக்கில் 100 இருப்பதைப் பார்த்துவிட்டு, யீல்ட் செய்து, திரும்பி வந்து 100-ஐக் கழித்தால், நடுவில் வேறொரு பணி அதை எடுத்திருக்கலாம். மறுபடி பார்த்துத்தான் கழிக்க வேண்டும். லுவாவில் நாம் அழைக்கும் ஃபங்ஷன் உள்ளே எங்காவது யீல்ட் செய்கிறதா என்பது வெளியே தெரியாது. பைத்தானில் 2015-இல், 3.5 பதிப்போடு வந்த அவெய்ட் என்ற சொல் ஓட்டம் நிற்கக்கூடிய அந்த இடத்தை வரியிலேயே காட்டிக்கொடுக்கிறது. எழுதக் கொஞ்சம் கூடுதல் வேலைதான், ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் பைத்தானின் வழியே எனக்குப் பிடிக்கிறது.

அப்புறம், பாதியில் கைவிடும் பணிகள். கோப்பைத் திறந்துவிட்டு யீல்டில் நிற்கும் கோரூட்டீனைப் பட்டியலிலிருந்து நீக்கினால் மட்டும் கோப்பு உடனே மூடாது. பயன்படாத நினைவகத்தைத் துப்புரவு செய்யும் குப்பை சேகரிப்பான் வரும்வரை திறந்தே கிடக்கும். 2020-இல் வந்த லுவா 5.4 இதற்காக க்ளோஸ் என்ற ஃபங்ஷனைக் கொண்டுவந்தது. கோப்பை வைத்திருக்கும் மாறியைக் க்ளோஸ் என்ற குறிப்போடு அறிவித்திருந்தால், கோரூட்டீனைக் க்ளோஸ் செய்த கணமே கோப்பும் மூடப்படும்.