பப்பெட்மாஸ்டர்: தமிழில் பாவையாட்டி

இணையம், மின்னஞ்சல், தொலைபேசி வழியாக ஒரு கதை நிஜ வாழ்வுக்குள் வர, ஆட்டக்காரர்கள் கூடி அதன் புதிர்களைத் தீர்ப்பது மாற்று மெய்ம்மை விளையாட்டு (ஏ.ஆர்.ஜி.). அதைத் திரைமறைவில் இருந்து நடத்துபவர் பப்பெட்மாஸ்டர், அதாவது பொம்மலாட்டக்காரர். கதை எழுதுவார், கதைமாந்தர் பெயரில் மின்னஞ்சல் அனுப்புவார். ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதைப் படித்து, அதற்கேற்ப அடுத்த பகுதியைத் திருத்துவார்.

2001-இல் ஸ்பீல்பெர்க்கின் 'ஏ.ஐ.' படத்தை ஒட்டி மைக்ரோசாப்ட் குழு நடத்திய 'தி பீஸ்ட்' ஆட்டக்காரர்களிடையே பரவிய பெயர் இது. நடத்துபவர் யாரென்று அப்போது அவர்களுக்குத் தெரியாது.

ஆட்டக்காரர்களையே கயிறு கட்டி ஆட்டுவதுபோல் இப்பெயர் ஒலிக்கிறது. நடந்தது வேறு. மூன்று மாதங்களுக்கென வைத்திருந்த புதிர்களை அவர்கள் முதல் நாளே தீர்த்துவிட்டார்கள். கயிற்றில் ஆடுவது கதைமாந்தர் மட்டுமே.

ஆகவே, கொலைக் கதை என்றால், கொலையாளி யார், ஆட்டம் என்று முடியும் என்பவற்றைப் பாவையாட்டி முன்கூட்டியே உறுதி செய்துவிட வேண்டும். யாரை நம்புவது, துணைப்பாத்திரம் பிழைக்குமா என்பவற்றை ஆட்டக்காரரின் வாக்கெடுப்புக்கு விடலாம். விட்டபின் முடிவை மாற்றக் கூடாது. வாக்கெடுப்பு வெறும் கண்துடைப்பு என்று தெரிந்த நாளே கூட்டம் கலையும். புதிரில் சிக்கி நின்றால் குறிப்பு ஒரு கதைமாந்தரின் கடிதத்தில் வரட்டும். வேகமாக ஓடினால் புதிரைக் கடினமாக்குவதில் பயனில்லை, ஆயிரம் பேர் சேர்ந்து உடைத்துவிடுவார்கள். நேரத்தாலும் இடத்தாலும் பூட்ட வேண்டும். 2004-இல் 'ஹாலோ 2' என்ற வீடியோ கேமுக்காக நடந்த 'ஐ லவ் பீஸ்' (I Love Bees) ஏ.ஆர்.ஜி. அப்படித்தான் செய்தது: குறித்த நேரத்தில், ஜி.பி.எஸ். காட்டிய பொதுத் தொலைபேசி அருகே ஆள் நிற்க வேண்டும். நேரடி அழைப்புகளில் ஆட்டக்காரர் சொன்னதற்கேற்ப நடிகை பதில் பேசினார்.

எழுத்துப்பிழையைத் துப்பு என்று நினைத்துத் துரத்துவது அடிக்கடி நேரும். சத்தமில்லாமல் திருத்தினால் சந்தேகம் இன்னும் வலுக்கும், பழைய பக்கத்தின் படி அவர்களிடம் இருக்கும். 'அவசரத்தில் தவறாகத் தட்டிவிட்டேன்' என்று கதைமாந்தரே சொல்வது நல்லது.

தமிழில் என்ன சொல்வது? 'சூத்திரதாரி'க்கும் கயிற்றைப் பிடித்தவர் என்பதே பொருள், ஆனால் செய்தித்தாள் வழக்கில் அது சதிகாரரைச் சுட்டிவிட்டது. 'இயக்குநர்' சினிமாவுக்குப் போய்விட்டது. கூத்தின் கட்டியங்காரன் வேலையில் மிக நெருக்கம், பார்வையாளருக்கு அந்தந்த நேரத்தில் பதில் சொல்பவன். ஆனால் அவன் எல்லார் கண்முன்னும் நிற்கிறான். பாம்பாட்டி என்பதைப் போல 'பாவையாட்டி' என்பதே பொருத்தம். 'மரப்பாவை நாணால் உயிர்மருட்டி' (கயிற்றால் ஆடும் மரப்பாவை உயிருள்ளதுபோல் மயக்குவது) என்று குறள் 1020 சொல்வது கதைமாந்தருக்கு அப்படியே பொருந்தும். குழுவாக நடத்தினால் பாவையாட்டிகள். 'ஆட்டக்காரர்' என்பதை விளையாடுபவருக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.