விளம்பரக் குறுஞ்செய்திக்குள் இருக்கும் 140 பைட்

வாடிக்கையாளர்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்பி வியாபாரத்தைப் பெருக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் வாசகத்தைப் பற்றித்தான் யோசிக்கிறார்கள். என்ன சலுகை, எத்தனை சதவீதம், எந்தத் தேதி வரை. அதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் அந்த வாசகம் எவ்வளவு இடத்தில் அடங்க வேண்டும், எப்போது போய்ச் சேரும், சேர்ந்ததை எப்படி அறிவது என்பதையெல்லாம் தீர்மானிப்பது செல்பேசி வலையமைப்பு. அது வேலை செய்யும் விதம் தெரிந்தால் செலவும் குறையும், வாடிக்கையாளரின் எரிச்சலும் குறையும்.

ஜிஎஸ்எம் என்ற செல்பேசித் தொழில்நுட்பத்தில் இயங்கும் வலையமைப்பில் பேச்சு ஒரு தடத்தில் போகும். 'அழைப்பு வருகிறது, மணியடி' என்பது போன்ற கட்டளைகள் வேறொரு தடத்தில் போகும். இந்தக் கட்டளைத் தடம் நாளின் பெரும்பகுதி சும்மா கிடக்கிறது, அதில் சிறிய எழுத்துச் செய்திகளை அனுப்பலாமே என்று 1980களில் பொறியாளர்கள் யோசித்தார்கள். எவ்வளவு சிறியதாக இருக்கலாம்? ஜெர்மனியைச் சேர்ந்த பிரீட்ஹெல்ம் ஹில்லெபிராண்ட் 1985இல் தட்டச்சுப் பொறியில் சாதாரணமான வாக்கியங்களை அடித்து எழுத்துகளை எண்ணிப் பார்த்தார். ஏறக்குறைய எல்லாமே 160க்குள் முடிந்தன. 1992 டிசம்பர் 3 அன்று நீல் பாப்வொர்த் என்ற பொறியாளர் கணினியிலிருந்து வோடஃபோன் வலையமைப்பில் இருந்த ஒரு செல்பேசிக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்பினார். அதுதான் முதல் எஸ்எம்எஸ்.

ஒரு குறுஞ்செய்தியில் வாசகத்துக்குக் கிடைக்கும் இடம் 140 பைட், அதாவது 1,120 பிட். ஆங்கில எழுத்துகளுக்கான ஜிஎஸ்எம் அட்டவணையில் ஓர் எழுத்துக்கு 7 பிட் போதும். 1,120ஐ 7ஆல் வகுத்தால் 160. தமிழ் எழுத்துகள் அந்த அட்டவணையில் இல்லை. எனவே தமிழில் எழுதும்போது செய்தி, உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் குறியீடு தரும் யூனிகோடுக்கு மாறுகிறது; ஒவ்வொரு குறியீட்டுக்கும் 16 பிட் போகிறது. மிஞ்சுவது 70 இடம்.

இந்த 70 என்பது 70 எழுத்துகள் அல்ல. யூனிகோடில் புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனிக் குறியீடுகள். 'நன்றி' நமக்கு மூன்று எழுத்து. வலையமைப்புக்கு ந, ன, புள்ளி, ற, இகரக் குறி என ஐந்து. 'ஸ்ரீ' பார்க்க ஒற்றை எழுத்துப் போல இருந்தாலும் நான்கு இடம் பிடிக்கும். ஆக ஒரு தமிழ்ச் செய்தியில் நம் கணக்குப்படி நாற்பது, ஐம்பது எழுத்துகள் வந்தாலே இடம் தீர்ந்துவிடலாம்.

இடம் தீர்ந்தால் செய்தி அனுப்ப முடியாது என்றில்லை. அது துண்டுகளாகப் பிரியும். 'இது மூன்றில் இரண்டாவது துண்டு' என்று பெறும் செல்பேசிக்குச் சொல்லும் தலைப்பு ஒவ்வொரு துண்டிலும் 6 பைட்டை எடுத்துக்கொள்ளும். அதனால் ஒரு துண்டின் கொள்ளளவு ஆங்கிலத்தில் 153ஆகவும் யூனிகோடில் 67ஆகவும் சுருங்கும். பெறுபவரின் செல்பேசி துண்டுகளைச் சேர்த்து ஒரே செய்தியாகக் காட்டிவிடும். கட்டணம் மட்டும் பொதுவாகத் துண்டுக் கணக்கில்தான்.

ஆங்கிலத்தில் எழுதுபவர்களும் இங்கே மாட்டிக்கொள்கிறார்கள். கணினியில் தட்டச்சு செய்த 160 எழுத்துச் செய்தியில் ஒரே ஒரு வளைந்த மேற்கோள் குறி வந்துவிட்டால் போதும், அது ஜிஎஸ்எம் அட்டவணையில் இல்லாததால் செய்தி முழுவதும் யூனிகோடுக்கு மாறும். ஒரு துண்டாக இருந்தது மூன்று துண்டாகும். ஓர் எமோஜியும் இதையே செய்யும். ஆயிரக்கணக்கானவர்களுக்கு அனுப்பும்போது அந்தச் சின்னக் குறி பில்லை மும்மடங்காக்குகிறது.

வாடிக்கையாளரின் பெயர் தானாக நிரம்பும்படி எழுதுவது இன்னொரு இடறல். குட்டிப் பெயரை வைத்துச் சோதிக்கும்போது 68 இடத்தில் அடங்கிய செய்தி, நீளமான பெயர்க்காரருக்குப் போகும்போது இரண்டு துண்டாகியிருக்கும். பட்டியலில் உள்ள மிக நீளமான பெயரை வைத்துச் சோதிப்பதுதான் சரி.

இடத்தை மிச்சப்படுத்த, தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து அனுப்புபவர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. தமிழில் படிக்கும் வாடிக்கையாளருக்குத் தமிழில் எழுதுவதே மரியாதை. சுருக்க வேண்டியது வாசகத்தை. எழுத்தை மாற்ற வேண்டியதில்லை.

சரி, 'அனுப்பு' பொத்தானை அழுத்திய பிறகு என்ன நடக்கிறது? வியாபாரியின் மென்பொருளிலிருந்து செய்தி, குறுஞ்செய்திகளை மொத்தமாக அனுப்பித் தரும் ஒரு நிறுவனத்துக்குப் போய், அங்கிருந்து செல்பேசி நிறுவனத்தின் குறுஞ்செய்தி மையத்தை அடைகிறது. மையம் அதைச் சேமித்து வைத்துக்கொண்டு, அந்த எண் இப்போது எந்தப் பகுதியில் இருக்கிறது என்று சந்தாதாரர் பதிவேட்டில் விசாரிக்கிறது. செல்பேசி அணைந்திருந்தால் செய்தி காத்திருக்கும். செல்பேசி மறுபடி வலையமைப்பில் தலைகாட்டியதும் மையத்துக்குத் தகவல் போகும், செய்தி புறப்படும்.

இந்தப் பொறுமை சொந்தக்காரர்கள் பேசிக்கொள்ள நல்லது, விளம்பரத்துக்குச் சங்கடம். 'இன்று மாலை 6 மணி வரை மட்டும்' என்ற செய்தி மறுநாள் காலையில் வந்து சேர்ந்தால் வாடிக்கையாளருக்கு ஏமாற்றம்தான். இதற்கு வழி எஸ்எம்எஸ் தரத்திலேயே, அதாவது அதன் தொழில்நுட்ப விதிமுறையிலேயே இருக்கிறது. ஒவ்வொரு செய்திக்கும் காலாவதி நேரம் குறிக்கலாம். அந்த நேரம் தாண்டினால் மையம் அதைக் கைவிட்டுவிடும். இந்த வசதி பலர் கண்ணில் படுவதே இல்லை.

வேகத்துக்கும் வரம்பு உண்டு. நொடிக்கு 50 செய்தி என்ற அளவில் ஒரு லட்சம் பேருக்கு அனுப்பினால் கடைசி ஆளுக்குப் புறப்படவே அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகையைப் பெறுபவரின் செல்பேசி திருப்பி அனுப்பும். டெலிவரி ரிப்போர்ட்டில் வருவது அதுதான். அதற்கு அப்பால் எஸ்எம்எஸ்ஸில் எதுவும் இல்லை. படித்தாரா என்று சொல்லும் சமிக்ஞை இந்தத் தரத்தில் கிடையாது. '98 சதவீதம் பேர் திறந்து படிக்கிறார்கள்' என்று விற்பனைப் பேச்சில் அடிக்கடி கேட்கலாம். வலையமைப்பு அளந்து சொன்ன எண்ணாக அது இருக்க முடியாது. அளக்கக்கூடியது லிங்க் மட்டுமே. ஒவ்வொருவருக்கும் தனிக் குறியீடு கொண்ட குட்டி முகவரி அனுப்பினால், அது எப்போது திறக்கப்பட்டது என்று சர்வரில் பதிவாகும். அதிலும் கவனம் தேவை. முன்னோட்டம் காட்டவோ, பாதுகாப்புச் சோதனைக்கோ மென்பொருளே லிங்க்கைத் திறந்து பார்ப்பதுண்டு. அதுவும் கணக்கில் ஏறிவிடும்.

அனுப்புநர் பெயர் விஷயத்துக்கு வருவோம். எண்ணுக்குப் பதிலாக 11 எழுத்து வரை ஒரு பெயரைக் காட்டலாம். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அதற்குப் பதில் அனுப்ப முடியாது. எனவே 'வேண்டாம் என்றால் ஸ்டாப் என்று பதில் அனுப்புங்கள்' என எழுதிவிட்டு இப்படிப் பெயரில் அனுப்புவது வாடிக்கையாளரை ஏமாற்றுவது. ஒன்று, பதில் வாங்கும் எண்ணிலிருந்து அனுப்ப வேண்டும். இல்லையென்றால் விலகுவதற்கு லிங்க் தர வேண்டும். எஸ்எம்எஸ் தரம் அந்தப் பெயரின் உண்மையைச் சரிபார்ப்பதும் இல்லை. வேறொருவர் உங்கள் பெயரைப் போட்டு மோசடி லிங்க் அனுப்பலாம். அதனால்தான் பொதுவான சுருக்கு முகவரியைவிட நிறுவனத்தின் சொந்த இணைய முகவரி பாதுகாப்பானது.

விலகியவர்களின் எண்கள் ஒரு தடைப் பட்டியலில் சேர வேண்டும். புதிய பட்டியல் ஏற்றும்போதும் அது அழியாமல் இருக்க வேண்டும். அப்புறம், கைவிடப்பட்ட எண்களைச் செல்பேசி நிறுவனங்கள் கொஞ்ச காலம் கழித்து வேறொருவருக்குக் கொடுத்துவிடும். ரிப்போர்ட்டில் அந்த எண் ஒழுங்காக 'டெலிவர்டு' என்றே வரும். சம்மதம் தந்தவர் அங்கே இல்லை. நீண்ட காலமாக எதுவும் வாங்காத, எந்த லிங்க்கையும் தொடாத எண்களை வியாபாரியே பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டியதுதான்.