‘வெட்ச்’ கொடிக்குத் தமிழில் என்ன பெயர்?

அலாஸ்காவிலிருந்து கலிபோர்னியா வரை, பசிபிக் கரையோரப் புதர்களிலும் ஈரமான காட்டோரங்களிலும் ஏறிப் படரும், அவரை, பயற்றுக் குடும்பத்துக் கொடி ஒன்று உண்டு. அந்த மண்ணுக்கே உரியது. ஆங்கிலத்தில் ‘ஜயன்ட் வெட்ச்’, அறிவியல் பெயர் விசியா ஜைஜான்டியா.

‘வெட்ச்’ பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். அதன் மூலம் லத்தீன் ‘விசியா’. பக்கத்துச் செடியின் தண்டைப் பற்றுக்கம்பியால் கட்டிக்கொள்வதால், ‘கட்டு’ என்று பொருள்படும் ‘வின்சீரே’ என்ற வினையிலிருந்து இப்பெயர் வந்தது என்று ரோமானிய அறிஞர் வார்ரோ தமது வேளாண்மை நூலில் எழுதினார். சொற்பிறப்பாக அது நிற்குமா என்பது வேறு கேள்வி. செடியை அருகில் நின்று பார்த்தவரின் விளக்கம் என்பதில் எனக்கு ஐயமில்லை.

தமிழில் இதற்கு நிலைத்த பெயர் இல்லை. ‘காட்டு அவரை’ என்று எழுதிவிடலாமே என்றால், எனக்கு உடன்பாடில்லை. நம் அவரைக்கொடி தண்டையே பந்தல்காலில் சுற்றி ஏறுகிறது. அதற்குப் பற்றுக்கம்பி கிடையாது. வெட்ச் அப்படியல்ல. பல சிற்றிலைகள் சேர்ந்த அதன் கூட்டிலையின் நுனியே கம்பியாக நீண்டு, பாகற்கொடியின் கம்பியைப் போல, கிடைத்த குச்சியைச் சுருண்டு பிடிக்கிறது. நரிப்பயறு, தட்டைப்பயறு என்று பயற்றுக்கு அடைமொழி சேர்ப்பது நம் வழக்கம். அந்த வழியில் ‘பற்றுப்பயறு’ என்பேன். ஜயன்ட் வெட்ச் ‘பெரும்பற்றுப்பயறு’ ஆகும்.

அதே கரையில் வளரும் கடற்கரைப் பட்டாணியோடு இதைக் குழப்பிக்கொள்வது எளிது. அது விசியா அல்ல, லாதிரஸ் என்ற வேறு பேரினம். நம் ஊரில் கேசரிப் பருப்பு என்று அறியப்படுவதும் அந்தப் பேரினம்தான். கடற்கரைப் பட்டாணியில் சிற்றிலைகள் குறைவு, இலையடிச் செதில்களோ சிற்றிலை அளவுக்குப் பெரியவை. பெரும்பற்றுப்பயற்றில் ஓர் இலைக்கு இருபது வாக்கில் சிற்றிலைகள் இருக்கும். மங்கிய மஞ்சளும் செம்ஊதாவும் கலந்த பூக்கள் காம்பின் ஒரே பக்கமாகத் தொங்கும். நெற்று காய்ந்தால் கறுக்கும்.

இன்னும் ஐயமிருந்தால் ஒரு பூவைப் பிரித்து, படகு போல இணைந்த கீழிதழ்களான படகு அல்லிக்குள், சூலகத்தின் மேல் நீளும் மெல்லிய சூலகத்தண்டை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். நுனியைச் சுற்றிலும் மயிர் இருந்தால், புட்டி கழுவும் தூரிகை போல, அது பற்றுப்பயறு. பல் துலக்கும் தூரிகை போல ஒரு பக்கம் மட்டும் மயிர் இருந்தால் கடற்கரைப் பட்டாணி.