ஹோஸ்டிங் என்றால் ஓம்பல்: சொல்லும் கணக்கும்

இணையத்தில் சொந்தமாகத் தொழில் செய்கிறவர்கள் வாயில் அடிக்கடி வருகிற சொல் ஹோஸ்டிங், அதாவது நம் வலைத்தளத்தை ஒரு நிறுவனம் தன் கணினியில் வைத்து இணையத்தில் எல்லாருக்கும் கிடைக்கச் செய்யும் சேவை. ‘ஹோஸ்டிங் வாங்கியாச்சு, டொமைன் வாங்கியாச்சு, இனி தளம் போட வேண்டியதுதான்’ என்றுதான் எல்லாரும் சொல்கிறோம் (டொமைன் என்பது தளத்தின் இணையப் பெயர்). இந்த ‘வாங்கியாச்சு’ பேச்சோடு நின்றுவிட்டால் பரவாயில்லை. ஆண்டு முடிவில் வரிக் கணக்கு எழுத உட்காரும்போதும் அதே வினைச்சொல் கூடவே வந்து, எது சொத்து எது செலவு என்பதையே குழப்பிவிடுகிறது. ஹோஸ்டிங்கை யாரும் வாங்குவதில்லை. அது என்ன என்பதை அந்தச் சொல்லின் வேரே சொல்லிவிடும், தமிழில் சரியான சொல்லைப் பிடித்துவிட்டால் கணக்கும் பாதி நேராகிவிடும்.

வேர் லத்தீன். அங்கே ஹோஸ்பெஸ் என்ற ஒரே சொல் விருந்து கொடுப்பவரையும் குறிக்கும், விருந்தாக வந்தவரையும் குறிக்கும். அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் ஹோஸ்ட் ஆனது. ஹோட்டல், ஹாஸ்டல், ஹாஸ்பிட்டல் எல்லாம் இதே குடும்பத்துப் பிள்ளைகள். இதற்கு நெருங்கிய உறவாக ஹோஸ்டிஸ் என்று இன்னொரு லத்தீன் சொல் இருக்கிறது, முதலில் அதற்கு அயலான் என்று பொருள், பிறகு எதிரி என்று மாறியது. ஆங்கிலத்தின் கெஸ்ட் கூட இதே மூலத்திலிருந்து வேறு வழியாக வந்ததுதான். ஆக, தெரியாதவன் ஒருவன் வாசலில் வந்து நிற்கிறான், அவனுக்கு இடம் கொடுக்கிறோம் என்பதுதான் இந்தச் சொற்களுக்கெல்லாம் அடியில் இருக்கும் எண்ணம்.

தமிழிலும் இதே எண்ணம் தனியாக வளர்ந்திருக்கிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். விருந்து என்ற சொல்லுக்குப் பழம்பொருள் சாப்பாடு கிடையாது, புதுமை. தொல்காப்பியம் விருந்து என்பதைப் புதிதாகப் புனையும் செய்யுளுக்கே பெயராகச் சொல்கிறது. புதிதாக வந்தவர் என்ற பொருளில்தான் அது விருந்தினரைக் குறித்தது, சாப்பாடு அதற்கப்புறம் வந்தது. அந்தப் புதியவரைப் பேணுவது ஓம்பல். ‘இருந்தோம்பி இல்வாழ்வ தெல்லாம் விருந்தோம்பி வேளாண்மை செய்தற் பொருட்டு’ என்ற குறளில் ஓம்புதல் இரண்டு முறை வருகிறது: தன் வீட்டையும் பொருளையும் காத்துக்கொள்வது ஒன்று, வந்தவரைப் பேணுவது இன்னொன்று. காத்தல், பேணுதல் இரண்டும் ஒரே சொல்லுக்குள் இருப்பதைக் கவனியுங்கள், கீழே இது உதவும்.

கணினி உலகத்துக்குள் இந்தச் சொல் எப்போது நுழைந்தது? இணையத்தின் தொழில்நுட்ப விதிகளைப் பேசும் ஆவண வரிசை ஆர்.எஃப்.சி. அதில் முதலாவதான, 1969 ஏப்ரல் 7 தேதியிட்ட ஆர்.எஃப்.சி. 1-இன் தலைப்பே ஹோஸ்ட் சாஃப்ட்வேர். எழுதியவர் ஸ்டீவ் குரோக்கர். இன்றைய இணையத்துக்கு முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் இணையவிருந்த பெரிய கணினிகளை அப்போது ஹோஸ்ட் என்றார்கள். ஒரே கணினியில் பலர் தங்கள் முனையங்களிலிருந்து உள்ளே வந்து வேலை பார்ப்பார்கள், கணினி எல்லாருக்கும் இடம் கொடுக்கும், ஆகவே அந்தப் பெயர் பொருத்தமாகவே இருந்தது.

வலைத்தளங்கள் வந்தபிறகு ஒரு சிக்கல் எழுந்தது. வலைப்பக்கங்களைக் கேட்டு வாங்குவதற்கான விதிமுறைக்கு எச்.டி.டி.பி. என்று பெயர். அதன் தொடக்க காலத்தில் உலாவி, தளத்தை வைத்திருக்கும் கணினியான வழங்கியிடம் (சர்வர்) ‘இந்தப் பக்கத்தைக் கொடு’ என்று மட்டும்தான் கேட்கும், எந்தத் தளத்தின் பக்கம் என்று சொல்லாது. அதனால் ஒவ்வொரு தளத்துக்கும் தனி ஐ.பி. முகவரி, அதாவது இணையத்தில் கணினியை அடையாளம் காட்டும் எண், தேவைப்பட்டது. 1997-இல் வெளியான எச்.டி.டி.பி. 1.1, கோரிக்கையோடு தளத்தின் பெயரையும் அனுப்ப வேண்டும் என்று கட்டாயமாக்கியது. கோரிக்கையில் அந்தப் பெயர் வருகிற இடத்துக்கும் ஹோஸ்ட் என்றுதான் பெயர். அதன்பிறகு ஒரே கணினி, ஒரே முகவரி, அதில் நூற்றுக்கணக்கான தளங்கள் என்பது எளிதாகிவிட்டது. ஷேர்டு ஹோஸ்டிங் மலிவாகக் கிடைப்பதும், தனி ஆள் ஒருவர் பெரிய முதல் போடாமல் இணையத்தில் கடை திறக்க முடிவதும் பெருமளவு இந்த ஏற்பாட்டால்தான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? சிலர் வழங்கி என்கிறார்கள். அது சர்வருக்கான சொல், பொருளையும் சேவையையும் ஒன்றாக்கக் கூடாது. வலையேற்றம் என்றால் கோப்பை மேலே அனுப்புகிற வேலையைத்தான் நினைக்கத் தோன்றும். புரவல், புரவலர் அழகான சொற்கள், ஆனால் புரவலர் என்றதும் காசு வாங்காமல் ஆதரிக்கிற வள்ளல்தான் மனசில் வருகிறார். இன்னொரு செய்தியும் இருக்கிறது. காத்தல் என்ற பொருளுள்ள இந்தப் புரவு, சோழர் காலத்தில் நில வரி பார்த்த அலுவலகத்தின் பெயரிலும் வருகிறது: புரவுவரித் திணைக்களம். ஹோஸ்டிங்கும் வரியும் தமிழில் இப்படி ஒரே சொல்லில் சந்தித்துக்கொள்ளும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

இட வாடகை என்று சொல்வது புரிந்துகொள்ள எளிது. ஆனால் கணக்கில் எழுத நல்லதில்லை. ஹோஸ்டிங் நிறுவனம் வட்டில் இடம் மட்டும் கொடுப்பதில்லை, மின்சாரம், குளிர்விப்பு, மென்பொருள் புதுப்பிப்பு, பாதுகாப்பு, சில திட்டங்களில் காப்புநகல் என்று பார்த்துக்கொள்கிற வேலையும் அதில் சேர்ந்தது. பல நாடுகளின் வரிச் சட்டத்தில் வாடகைக்கு ஒரு விதி, சேவைக்கு வேறு விதி. நீங்கள் பேரேட்டில் ‘வாடகை’ என்று எழுதிவிட்டால் கணக்காளர் அதை அலுவலக வாடகையோடு சேர்த்துவிடுவார். ஆகவே என் தேர்வு ஓம்பல்தான். இடம் கொடுப்பது, காப்பது, பேணுவது மூன்றும் அதில் இருக்கின்றன. தள ஓம்பல் என்று சொல்லலாம், நிறுவனத்தை ஓம்புநர் என்னலாம், கொடுக்கிற காசு ஓம்பல் கட்டணம்.

இப்போது கணக்குக்கு வருவோம். ஓம்பல் கட்டணம் வழக்கமாக வருவாய்ச் செலவு, அதாவது தொழில் நடக்க அவ்வப்போது கொடுக்கிற செலவு. சொத்து எதுவும் உங்கள் கைக்கு வரவில்லை, கட்டணம் நின்றால் தளமும் நின்றுவிடும். இதற்கு மாறாக, கணினியை நீங்களே வாங்கி, தரவு மையத்தில் வைக்க மட்டும் இடம் பிடித்தால் அது கோலொகேஷன். அங்கே கணினி உங்கள் சொத்து, அதன் விலையைப் பெரும்பாலும் ஆண்டாண்டாகத் தேய்மானமாகத்தான் கழிக்க வேண்டியிருக்கும், மாதக் கட்டணம் மட்டும் நேரடிச் செலவு. ‘சர்வர் செலவு’ என்று ஒரே வரியில் இரண்டையும் எழுதுகிறவர்கள் நிறையப் பேர். அதைப் பிரித்தே தீர வேண்டும்.

தள்ளுபடி கிடைக்கிறதே என்று மூன்று ஆண்டுக்கு மொத்தமாகக் கட்டுகிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். கையிலிருந்து காசு போன ஆண்டிலேயே செலவு எழுதுவது ரொக்க முறை, சேவை எந்த ஆண்டுக்கு உரியதோ அந்த ஆண்டில் எழுதுவது சேர்வு முறை. சேர்வு முறையில் முதல் ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்குதான் செலவு, மிச்சம் முன்செலுத்திய செலவாகக் கணக்கில் காத்திருக்கும். ரொக்க முறையிலும் நீண்ட கால முன்பணத்தை ஒரேயடியாகக் கழிக்க எல்லா இடத்திலும் விடுவதில்லை. தள்ளுபடியைப் பார்த்து முடிவெடுக்குமுன் உங்கள் முறை எது என்று கணக்காளரிடம் கேட்டுவிடுங்கள்.

டொமைனுக்கும் இதே பேச்சு பொருந்தும். லத்தீனில் டொமினியம் என்றால் உரிமை, ஆட்சி. டொமினுஸ் என்றால் தலைவன். தமிழில் ஆள்களப் பெயர் என்பது அதனால் நல்ல சொல்லாக்கம். ஆனால் சொல்லில் ஆட்சி இருக்கிறதே தவிர நடைமுறையில் அது பதிவு மட்டும்தான். .காம் போன்ற பெயர்களை ஒரே நேரத்தில் அதிகபட்சம் 10 ஆண்டுக்குத்தான் பதிய முடியும், புதுப்பிக்காவிட்டால் கைவிட்டுப் போகும். ஆண்டுதோறும் கட்டுவது பதிவுக் கட்டணம். வேறொருவர் வைத்திருந்த பெயரைப் பெரிய தொகை கொடுத்து எடுப்பது வேறு கதை, அது பெரும்பாலும் புலனாகாச் சொத்து, அதாவது தொட்டுப் பார்க்க முடியாத சொத்து, என்ற தலைப்பின்கீழ் போகும்.

டாக்ஸ் என்ற சொல்லையும் தொட்டுவிடுகிறேன். லத்தீன் டாக்ஸாரே, மதிப்பிடுதல். ஆங்கிலத்தில் டாக்ஸும் டாஸ்க்கும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. பணமாக மதிப்பிட்டது வரியானது, வேலையாகச் சுமத்தியது டாஸ்க் ஆனது. தமிழில் வரியோடு இறை என்ற சொல்லும் இருந்தது, இறுத்தல் என்றால் செலுத்துதல். கோயில் கல்வெட்டுகளில் வரும் இறையிலி, வரி இல்லாத நிலம். நாம் இன்று சொல்கிற ‘தாக்கல்’ அரபியின் தாகில், உள்ளே நுழைதல். ‘பாக்கி’, ‘வசூல்’ இரண்டும் அரபி, ‘ரசீது’ பாரசீகம். மக்கள் வாயில் பழகிய சொற்கள், அவற்றைத் துரத்த வேண்டியதில்லை. வரி அறிக்கை அளித்தல், நிலுவை, பற்றுச்சீட்டு என்று எழுதினாலும் எல்லாருக்கும் புரியும்.

இன்வாய்ஸ் மட்டும் கவனமாகக் கையாள வேண்டிய சொல். பிரெஞ்சில் அனுப்புதலைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது, அனுப்பிய பொருள்களின் பட்டியல் என்று நின்றது. தமிழில் விலைப்பட்டியல். இது பற்றுச்சீட்டு ஆகாது. பற்றுச்சீட்டு காசு வந்து சேர்ந்ததற்குச் சான்று. யார் யாருக்கு என்ன சேவை, எந்தக் காலத்துக்கு, என்ன வரி என்று சொல்வது விலைப்பட்டியல். வரித் துறை பொதுவாகக் கேட்பது இதைத்தான். வங்கிக் கணக்கில் காசு கழிந்த பதிவை மட்டும் காட்டினால் போதாமல் போகலாம். ஓம்புநரிடம் கணக்குத் திறக்கும்போதே தொழிலின் பெயர், முகவரி, வரிப் பதிவு எண் இருந்தால் அதுவும் கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பட்டியல் உங்கள் சொந்தப் பெயரில் வந்து நிற்கும்.

ஓம்புநர் வேறு நாட்டில் இருந்தால் பட்டியலில் வரி இல்லாமல் வருவதுண்டு. பார்த்ததும் வரி மிச்சம் என்று தோன்றும். மதிப்புக் கூட்டு வரி உள்ள பல நாடுகளில், பதிவு செய்த தொழிலர் வெளிநாட்டுச் சேவையை வாங்கினால் அந்த வரியை விற்றவருக்குப் பதிலாக வாங்கியவரே கணக்கிட்டுக் காட்ட வேண்டும். ரிவர்ஸ் சார்ஜ் என்பது இதுதான், எதிர்முறை வரி என்று சொல்லலாம். அந்நியச் செலாவணியில் கட்டினால் எந்த நாளின் மாற்று விகிதத்தில் எழுதினீர்கள் என்பதையும் கூடவே குறித்து வையுங்கள்.

ஓம்புநரை மாற்றுகிறவர்கள் கோப்புகளையும் தரவுத்தளத்தையும் பத்திரமாகக் கொண்டுபோகிறார்கள், மின்னஞ்சல் பெட்டியைக்கூட மறப்பதில்லை. பழைய விலைப்பட்டியல்களை எடுத்துவைக்கத்தான் மறந்துபோகிறார்கள். கணக்கு மூடிய பிறகு அந்தப் பக்கத்துக்குள் நுழையவே முடியாமல் போகலாம், வரிச் சட்டமோ ஆவணங்களைப் பல ஆண்டு வைத்திருக்கச் சொல்கிறது. கணக்கை மூடுகிற பொத்தானை அழுத்துமுன் பட்டியல்கள் எல்லாவற்றையும் இறக்கி, ஆண்டு வாரியாக அடுக்கி, அந்த ஓம்புநரிடம் இல்லாத வேறொரு இடத்தில் சேமித்துவிடுங்கள்.