கிளாசிக்: சொத்துக் கணக்கில் பிறந்த சொல்

நெடுங்காலம் நின்றுவிட்ட நாவலையும் படத்தையும் 'கிளாசிக்' என்கிறோம். இதன் மூலம் 'கிளாசிகுஸ்' என்ற லத்தீன் சொல். அது முதலில் இலக்கியச் சொல்லே அல்ல. ரோமானியர்கள் குடிமக்களைச் சொத்து மதிப்பை வைத்து வகுப்புகளாகப் பிரித்தார்கள். வகுப்புக்கு 'கிளாசிஸ்' என்று பெயர். ஆனால் 'கிளாசிகுஸ்' என்பது முதல் வகுப்பாரை மட்டுமே குறித்தது. அதற்கு 1,25,000 ஆஸ் காசு பெறுமான சொத்து வேண்டும். மற்ற எல்லாரும் 'வகுப்புக்குக் கீழே'!

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் இந்தச் சொல் எழுத்தாளர் பக்கம் திரும்பியது. லத்தீனில் 'மணல்' என்ற சொல்லைப் பன்மையில் எழுதலாமா என்று ஒரு வாதம். கூடாது என்று ஜூலியஸ் சீசர் எழுதியிருந்தார். பேரரசர் மார்க்கஸ் அரேலியஸின் ஆசிரியரான ஃபிரான்டோ, பழைய பேச்சாளரோ கவிஞரோ எவராவது அதைப் பன்மையில் எழுதியிருக்கிறாரா என்று தேடச் சொன்னார். அவர் கிளாசிகுஸாக இருக்க வேண்டும், சொத்தில்லாத 'புரோலெடாரியுஸ்' ஆகாது என்றும் சேர்த்துக்கொண்டார். இதைப் பதிந்து வைத்தவர் அதே காலத்து ரோமானிய எழுத்தாளர் அவுலுஸ் கெல்லியுஸ்.

யார் அந்த முதல் வகுப்பார் என்பதை ஒவ்வொரு காலத்து வாசகரும் மாற்றிக்கொண்டே வந்தார்கள். முதல் நூற்றாண்டு இளைஞர்கள் தத்துவ எழுத்தாளர் செனெகாவின் வெட்டு வெட்டான வாக்கியங்களில் மயங்கினார்கள். பேரரசர் கலிகுலாவுக்கோ அந்த நடை 'சுண்ணாம்பு சேராத மணல்'. ஃபிரான்டோ அவர்களையெல்லாம் தாண்டிப் பின்னே போய், மிகப் பழைய எழுத்தாளர்களான கேட்டோவையும் என்னியுஸையும் விரும்பினார். 1345இல் வெரோனாவில், ரோமானியப் பேச்சாளர் சிசெரோவின் கடிதங்களை இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க் கண்டெடுத்தார். பிறகு சிசெரோவே அளவுகோல் என்று கொண்டு, அவர் எழுதாத சொல்லைத் தொடவே மறுத்தவர்களும் உண்டு. அந்தப் பிடிவாதத்தை எதிர்த்து டச்சு அறிஞர் எராஸ்மஸ் 1528இல் ஓர் உரையாடல் நூலே எழுதினார்.

தமிழில் இதற்கு 'செவ்வியல்' என்கிறோம். நல்ல சொல். வேர் 'செம்மை': நேர்மை, சீர்மை, சிவப்பு. 'செந்தமிழ்' தொல்காப்பியத்திலேயே உண்டு. 2004இல் இந்திய அரசு தமிழுக்கு அறிவித்த 'செம்மொழி' என்ற தகுதியும் இதே வேரில் நிற்கிறது. லத்தீன் சொல்லில் ஒட்டியிருந்த பணக்கார வாடை இதில் துளியும் இல்லை என்பது எனக்குப் பெருமகிழ்ச்சி. நடையையும் காலத்தையும் சொல்லும்போது 'செவ்வியல்' என்றும், நூலைச் சொல்லும்போது 'செவ்விலக்கியம்' என்றும் எழுதலாம். 'பழைய இலக்கியம்' என்று மட்டும் எழுத வேண்டாம். ஃபிரான்டோ தேடச் சொன்னது பழையவரை மட்டும் அல்ல, பழையவரிலும் முதல் வகுப்பாரை.