சுலுஹ்: இணக்க உடன்படிக்கை

பாகத் தகராறோ கணவன் மனைவி பிணக்கோ, காவிரி டெல்டா ஊர்களில் பேசி முடிந்ததும் ‘ராஜியாயிட்டாங்க’ என்பார்கள். மனம் ஒப்புதல் என்ற பொருளுள்ள அரபு வேரிலிருந்து வந்த சொல் ‘ராஜி’. அந்த ஒப்புதல் இஸ்லாமிய மார்க்கச் சட்டப்படி நிற்பதற்கான ஒப்பந்தத்தின் பெயர் ‘சுலுஹ்’.

வேர் ஸ-ல-ஹ. கெட்டது சீராவதைக் குறிக்கும். ‘ஸாலிஹ்’ (நல்லவர்), ‘இஸ்லாஹ்’ (சீர்திருத்தம்), ‘மஸ்லஹத்’ (நலன்) எல்லாம் அதே வேர். ‘சுலுஹே மேலானது’ என்ற குர்ஆன் வசனம் (4:128) கணவன் மனைவி பற்றியது.

உரிமை கோருபவர், கோரப்படும் பொருள், அதற்கு ஈடாகத் தரப்படுவது மூன்றும் தெளிவாக இருக்க வேண்டும். ஒரு மா நன்செய்யைக் கோரியவர் பணம் வாங்கி விலகினால் அது விற்பனை; விற்பனையின் நிபந்தனைகள் அத்தனையும் வரும். நிலத்துக்குப் பதிலாக ஒரு வீட்டில் இத்தனை ஆண்டு குடியிருந்துகொள்ள ஒப்பினால் அது வாடகை. ஒரு லட்சம் கடனில் எழுபதாயிரம் போதும் என்றால் தள்ளுபடி. ஆனால், தவணையை நீட்டித்து ஒரு லட்சத்து இருபதாயிரமாக்கினால் வட்டி. அந்த சுலுஹ் செல்லாது.

எதிராளி உரிமையை மறுக்கும்போது மத்ஹபுகள், அதாவது மார்க்கச் சட்டப் பிரிவுகள், வேறுபடுகின்றன. ஹனஃபியில் மறுத்தாலும், வாய்மூடி இருந்தாலும் சுலுஹ் கூடும். ஷாஃபியில் ‘ஆமாம், உன் பங்கு இருக்கிறது’ என்ற ஒப்புதல் வேண்டும். தமிழ் முஸ்லிம்களில் கரையோர மரைக்காயர்கள் பெரும்பாலும் ஷாஃபி, உள்நாட்டு ராவுத்தர்கள் பெரும்பாலும் ஹனஃபி. ஆகவே, ‘உனக்குப் பங்கில்லை, சண்டை வேண்டாமென்று தருகிறேன்’ என்று எழுதிய காகிதம் ஓர் ஊரில் நிற்கும், பக்கத்து ஊரில் நிற்காது. எழுதுவதற்கு முன்பே மார்க்க அறிஞரான ஆலிமிடம் கேட்டுவிடுவது நல்லது.

அதிகம் கெடுவது வாரிசுப் பங்கில்தான். சொத்து எவ்வளவு என்றே சொல்லாமல் அக்கா தங்கையிடம் கையெழுத்து வாங்குவதை சுலுஹ் என்று அழைப்பது அநியாயம். தகப்பனார் உயிரோடிருக்கும்போது பங்கை விட்டுக்கொடுப்பதும் செல்லாது. இன்னும் பிறக்காத உரிமை அது. மைனரின் நிலப்பங்கை அண்ணன் விட்டுத்தர முடியாது. 1952இல் உச்ச நீதிமன்றம் அப்படியொரு குடும்ப உடன்பாட்டைச் செல்லாது என்றது. நில உரிமையை விட்டுக்கொடுக்கும் பத்திரம் 100 ரூபாயோ அதற்கு மேலோ மதிப்புள்ளதானால் 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி பதிவாக வேண்டும். பள்ளிவாசல் ஜமாஅத்தின் முத்திரை அதற்கு ஈடாகாது.

சுலுஹ் வேறு, ‘ஹுத்னா’ வேறு. ஹுத்னா என்பது அசைவற்று அமர்தல் என்ற வேரிலிருந்து வந்தது, தவணையிட்ட போர்நிறுத்தம். 628இல் மக்காவுக்கு அருகே ஹுதைபிய்யாவில் நபிகள் நாயகமும் மக்காவின் குறைஷியரும் குறித்த தவணை 10 ஆண்டு. பலவீனமான நிலையில் அதுவே உச்சவரம்பு, பலமான நிலையில் நான்கு மாதம் என்பது ஷாஃபி சட்டம்.

தமிழில் சுலுஹுக்குச் ‘சமாதானம்’ என்றே எழுதிவருகிறோம். ‘சமாதானம் சொல்றான்’ என்றால் சாக்குச் சொல்வதாகவும் படுகிறது. சோழன் நலங்கிள்ளி உறையூரை முற்றியிருந்தபோது சங்கப் புலவர் கோவூர்கிழார் பாடியது போன்ற இடையீட்டுக்குச் ‘சந்து செய்வித்தல்’ என்ற பழைய வழக்கு உண்டு. இன்று சந்து என்றால் தெரு நினைவுக்கு வரும். ‘இணக்க உடன்படிக்கை’ ஒப்புதலையும் ஒப்பந்தத்தையும் சேர்த்தே சொல்கிறது. ஹுத்னாவுக்குத் ‘தவணைப் போர்நிறுத்தம்’.